மரச்சட்ட வீட்டுக்கு நான் பூசிய சீமெந்து

ஒஸ்லோவின் பழைய நகர்ப்பகுதியில் நான் கூட்டித் துடைத்த வீட்டைத் தெருவிலிருந்து பார்க்கிறவர்கள் கல்வீடு என்றுதான் நினைப்பார்கள். மஞ்சள் பூச்சு, வெள்ளை ஜன்னல்கள், வாசலுக்கு இரண்டு கருங்கல் படி. முற்றத்துக்குள் போய்த் திரும்பிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். அந்தப் பக்கம் பூச்சு இல்லை. தூண்களும் உத்தரங்களும் சாய்வுச் சட்டங்களுமாக மரம் வெளியே தெரிய நிற்கும். மரங்களுக்கு நடுவே உள்ள கட்டங்களைச் செங்கல்லால் அடைத்திருப்பார்கள். வீட்டைத் தாங்குவது மரம், செங்கல் வெறும் அடைப்பு. முந்தி ஒருகாலத்தில் நகரம் எரிந்துபோக, இனி முழு மரத்தில் வீடு கட்டக்கூடாது என்று அரசன் கட்டளை போட்டானாம். வசதியுள்ளவன் முழுச் செங்கல்லில் கட்டினான். வசதி குறைந்தவன் மரச்சட்டம் நிறுத்தி, இடையில் கல்லை அடைத்து, தெருப்பக்கம் மட்டும் சுண்ணாம்பு பூசிக் கல்வீட்டுக்காரன் ஆகிவிட்டான். முதல் நாளே எனக்கு அந்த வீட்டில் பாசம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தெருவுக்கு ஒரு முகமும் முற்றத்துக்கு ஒரு முகமுமாக இருப்பவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் யாழ்ப்பாணத்தில் ஓவசியராக, அதாவது கட்டட வேலை மேற்பார்வையாளனாக, இருந்தவன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, பள்ளிக்கூடம், மதகு, வாசிகசாலை என்று வேலைத்தலங்களில் நின்று, மேசன்மாரை ஏசியும் கெஞ்சியும் வேலை வாங்கியவன். நோர்வேக்கு வந்ததும் முதலில் அந்த நாட்டின் வடகோடியில், ஹம்மர்பெஸ்ட்டில் மீன் வெட்டினேன். அங்கே படித்த வடக்குப் பேச்சைக் கேட்டு ஒஸ்லோவில் சிரித்தார்கள். கறுத்த மனிதன் கடற்கரைக்காரன் மாதிரிக் கதைப்பது அவர்களுக்கு வேடிக்கை. பிறகு ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்சோஸில் வீடு எடுத்து, மனைவி வந்து, மகள் பிறந்து, நான் வேலை தேடிக்கொண்டிருந்தபோது, வேலைவாய்ப்பு அலுவலகத்து ஆலோசகர் என் சான்றிதழின் மொழிபெயர்ப்பைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அன்பாகத்தான், அதை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார். துப்புரவு வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் அதைப் பார்த்தால் தயங்குவார்களாம். எடுத்தேன். அடுத்த மாதமே வேலை கிடைத்தது. அவர் சொன்னது சரியாகிப் போனதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

வீடு ஒரு சங்கத்துக்குச் சொந்தம். பழைய கட்டடங்களில் பிரியமுள்ள, பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆட்கள். தலைவி ஒரு முன்னாள் ஆசிரியை. நல்ல மனுசி. அதை முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் சொல்வதைக் கேட்டு நீங்கள் அவளை வேறு மாதிரி நினைத்துவிடுவீர்கள். அது இலங்கைச் சமாதானப் பேச்சுகள் நடந்த காலம். நோர்வேக்காரர் எங்கள் நாட்டைப் பற்றி எங்களுக்கே விளக்கம் சொல்லித் தந்த காலம். கோப்பி குடிக்கக் கூப்பிட்டு உட்கார்த்தி, "இனி எல்லாம் சரியாகிவிடும் இல்லையா?" என்று கேட்பாள். நான் ஓம் என்று தலையாட்டுவேன். அவள் ஒரு நாளும் நான் அங்கே என்ன வேலை செய்தேன் என்று கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஒரு நாள் வைத்திருந்தேன்.

அது எந்த நாள் என்று சொல்கிறேன். வீட்டின் வக்த்மெஸ்தர், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆள், முழங்கால் வருத்தத்தோடு ஓய்வுக்குக் காத்திருந்தார். அவர் போனதும் வேறு ஆள் வேண்டும் என்றும், உன் கை வேலை தெரிந்த கை மாதிரி இருக்கிறது என்றும் தலைவி ஒருமுறை வாய்விட்டாள். அவ்வளவுதான், நான் அந்த வேலையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. கூரை ஓடு மாற்றுவது, கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விடுவது, தண்ணீர்க் குழாய் பார்ப்பது. ஆனால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. தரையைப் பார்த்துக்கொள்கிற வேலை இல்லை. அந்தப் பதவி கையில் வந்ததும், நான் யார் என்று தலைவிக்குச் சொல்லுவேன் என்று நினைத்திருந்தேன்.

அதுவரை வீட்டைப் படித்தேன். துடைக்கிறவனுக்குத் தெரிகிற மாதிரி ஒரு வீட்டை வேறு எவனுக்கும் தெரியாது. வாளித் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து எந்த மூலை இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். வடகிழக்கு மூலைதான் இறங்கியிருந்தது. மரங்கள் சேரும் மூட்டுகளில் ஆணி கிடையாது, மரமுளைதான். ஒவ்வொரு மூட்டுக்கும் பக்கத்தில் உளியால் வெட்டிய கோடுகள் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு பெருக்கல் அடையாளம் மாதிரி ஒன்று. சட்டம் முழுவதையும் முதலில் நிலத்தில் கிடத்திப் பூட்டிப் பார்த்து, இலக்கம் வெட்டி, கழற்றிக் கொண்டுவந்து, அதே இலக்கப்படி இங்கே நிமிர்த்தியிருக்கிறார்கள். தேவைப்பட்டால் திரும்பவும் கழற்றி வேறு தெருவில் பூட்டலாம். வீட்டைக் கழற்றிக் கொண்டுபோய் வேறு இடத்தில் பூட்டினால் அது அதே வீடுதான். ஓவசியரைக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டினால் கையில் துடைப்பம் வருகிறது. சாப்பாட்டு நேரத்தில் மகளின் கட்டக் கொப்பி ஒன்றில் அந்தச் சட்டம் முழுவதையும் அளந்து வரைந்தேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் வரைந்தேன். பல வருடங்களுக்குப் பிறகு என் கை சந்தோசப்பட்டது.

வடகிழக்கு மூலைக்கு மேலே பீலி உடைந்திருந்தது. கூரைத் தண்ணீர் பீலியால் போகாமல் சுவரோடு ஒழுகி, அடியில் கருங்கல் அத்திவாரத்தின் மேல் படுத்திருக்கும் அடிச்சட்டத்தை நனைத்தது. வேலையாட்களுக்கென்று வைத்திருந்த குறிப்புக் கொப்பியில் அதை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் தலைவி பக்கத்தில் அழகான கையெழுத்தில், அடுத்த கூட்டத்தில் பேசுவோம், நன்றி, என்று எழுதி ஒரு சிரிக்கிற முகம் போட்டிருந்தாள்.

மேலே ஏறிப் பீலியில் கைவைக்க எனக்கு அனுமதி இல்லை. ஆனால் சுவர் என் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது. முற்றத்துப் பக்கம் மரமும் செங்கல்லும் சேரும் இடமெல்லாம் கீறல். பழைய சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்து, சில இடங்களில் விரல் நுழையும். ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மானம் போனது. எங்கள் ஆட்களுக்குச் சுவரில் வெடிப்பு என்றால் குடும்பத்தில் ஏதோ குறை என்று அர்த்தம். கலியாணம் பேசி ஆட்கள் வருகிறார்கள் என்றால் முதலில் வெடிப்பைத்தான் அடைப்போம், பிறகுதான் பலகாரம். வீட்டைக் காட்டுகிறவன் எத்தனை பை சீமெந்து இறங்கியது என்று சொல்லித்தான் காட்டுவான். சீமெந்து இல்லாத சுவரைச் சுவர் என்றே மதிக்காத ஊர் அது. அந்த மதிப்பைச் சும்மா கிடக்க விடாமல் வளர்த்துவிட்டவர்களில் நானும் ஒருவன்.

வசந்தம் வந்தால் சங்கத்தில் டுக்னாட் நடக்கும். எங்கள் சிரமதானம் மாதிரி. எல்லோரும் ஒரு சனிக்கிழமை வந்து இலை கூட்டி, ஜன்னலுக்கு வர்ணம் அடித்து, சொசேஜ் சுட்டுத் தின்றுவிட்டுப் போவார்கள். என்ன செய்வது என்று முதலே பட்டியல் போட்டு, கூட்டம் வைத்து, கையெழுத்து எடுத்துத்தான் செய்வார்கள். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. ஈஸ்டர் விடுமுறைக்கு அவர்கள் எல்லோரும் மலைக் குடிலுக்குத் தோடம்பழமும் சொக்கிலேற்றும் கட்டிக்கொண்டு போனபோது, நான் என்னுடைய டுக்னாட்டைத் தொடங்கினேன். இரண்டு பை சீமெந்தும் மணலும் முற்றத்துக்கு வந்தன. மனைவி பழைய பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு குழைத்துத் தந்தாள்.

"இஞ்சருங்கோ, அவையளிட்டை ஒரு சொல்லுக் கேட்டுச் செய்தால் என்ன?" என்றாள்.

"கேட்டுச் செய்யிறதிலை என்ன மரியாதை இருக்கு? வந்து பாக்கேக்கை அவையளே சொல்லுவினம்."

"எனக்கெண்டால் பயமாக் கிடக்கு."

"உனக்கு எதுக்குத்தான் பயமில்லை?" என்று அவள் வாயை அடைத்தேன்.

நல்ல வெயில் அடித்த நான்கு நாள். ஒவ்வொரு கீறலையும் மேசன் கரண்டியால் சுரண்டி, தண்ணீர் அடித்து, சீமெந்துச் சாந்து வைத்து அழுத்தினேன். கீழே அடிச்சட்டத்தின் முகப்பையும் சேர்த்து ஒரு முழ உயரத்துக்கு மட்டமாகப் பூசி எடுத்தேன். சாக்கு நனைத்துத் தொங்கவிட்டு ஒழுங்காகப் பதப்படுத்தினேன். வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு பெரிய விறகுப் பெட்டி நின்றது. இரண்டு பேரும் தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. அதற்குப் பின்னால் பூசவில்லை. வேலை முடிந்த அன்று மனைவிக்கும் பயம் போயிருந்தது. முற்றத்தின் நடுவில் நின்று, "இப்பதான் வீடு மாதிரிக் கிடக்கு" என்றாள். அந்த நான்கு நாளும் நான் சந்தோசமாக இருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

திரும்பி வந்த தலைவி இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்தாள். அவ்வளவு பேரும் பழைய வீடுகளைப் பற்றி வருடக் கணக்காகப் பேசிக் கோப்பி குடித்த ஆட்கள். ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. கேக் வெட்டினார்கள். சங்கத்தின் செய்தித்தாளில் கரண்டியோடு என் படம் வந்தது, எங்கள் துப்புரவாளரின் டுக்னாட் என்று. அதை மனைவி சாமிப்படத் தட்டில் வைத்தாள்.

இரண்டு மாரி போயிற்று. பிறகு கீழ் அறையில் ஒரு புளித்த மணம் தொடங்கியது. தரைப் பலகை காலுக்குக் கீழே மெத்தென்று அமுங்கியது. பேர்கனிலிருந்து பழைய மரக்கட்டடங்களில் தேர்ந்த ஒரு நிபுணரைக் கூப்பிட்டார்கள். அவர் முற்றத்தில் குந்தியிருந்து ஒரு சின்னச் சுத்தியலால் என் பூச்சைத் தட்டினார். நல்ல சீமெந்து, இலேசில் விழவில்லை. விழுந்தபோது, பின்னால் இருந்த அடிச்சட்டம் தேத்தண்ணீரில் ஊறின பாண் மாதிரிக் கையோடு வந்தது.

அவர் கோபப்படாமல் விளக்கினார். மரம் ஈரத்துக்குப் பொங்கும், வெயிலுக்குச் சுருங்கும். ஆகவே மரமும் கல்லும் சேரும் இடத்தில் கீறல் வந்தே தீரும். உள்ளே போன ஈரம் சுண்ணாம்பு வழியாகத் திரும்ப வெளியேறும். சுண்ணாம்பு உதிர்ந்தால் திரும்பப் பூசுவார்கள். இருநூறு, முந்நூறு வருடம் அப்படித்தான். சீமெந்து வைத்து அடைத்தால் ஈரத்துக்குப் போக வழியில்லை, மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குக் காது சுட்டது. கல்லூரியில் சுண்ணாம்புச் சாந்து பற்றி ஒரு பாடம் இருந்தது. இது பரீட்சைக்கு வராது என்று மாஸ்டர் அந்தப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனார். நானும் சந்தோசமாகத் தள்ளினேன். ஆகவே குற்றம் என்னுடையதுதான். அதைச் செய்தது வேறு யாரும் இல்லை.

ஆனால் நான் அடுத்த நாள் காலை, அவர்கள் வருமுன், விறகுப் பெட்டி நின்ற மூலையைப் பார்த்தேன். நிபுணருடன் வந்த ஆட்கள் அதை நகர்த்தியிருந்தார்கள். அங்கே சீமெந்து ஒரு துளி இல்லை. அங்கேதான் மரம் எல்லாவற்றிலும் மோசமாகப் போயிருந்தது. சாவியை மரத்தில் குத்தினேன், பிடி வரைக்கும் போனது. நேர் மேலே உடைந்த பீலி. இது என் பூச்சுக்கு முந்திய அழுகல் என்று சொல்ல நிபுணராக இருக்கத் தேவையில்லை, ஓவசியராக இருந்தால் போதும். பிறகு கைக்கு வந்த நிபுணரின் அறிக்கை வரைவில் பீலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. முதன்மைக் காரணம் சீமெந்து என்று இருந்தது.

அறிக்கையை முடிப்பதற்கு நிபுணரோடு ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள், அதற்கு முதல் நாள் தலைவி தொலைபேசியில் எடுத்தாள். கவலைப்படாதே என்றாள். காப்புறுதிக்காரர் ஒரே ஒரு விசயம்தான் கேட்கிறார்களாம், வேலை செய்தவன் கட்டடத் தொழில் தெரிந்தவனா என்று. தெரிந்தவன் செய்தால் அது பொறுப்பீனம், தெரியாதவன் நல்லெண்ணத்தில் செய்தால் அது விபத்து. "நீ பாவம், உனக்கு எப்படித் தெரியும் என்று நான் சொல்லியிருக்கிறேன்" என்றாள். என் துப்புரவு வேலையை நிரந்தரமாக்கவும் எல்லோரும் சம்மதமாம். வக்த்மெஸ்தர் வேலைக்கு மட்டும், இப்படி நடந்துவிட்டபடியால், தொழிற்சான்றிதழ் உள்ள ஒருவரை எடுக்கப் போகிறார்களாம். அவள் குரலில் ஒரு சொட்டுக் கள்ளமும் இல்லை. அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன்.

அன்று பின்னேரம் மனைவியிடம் சொன்னேன், நாளைக்கு எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்று. நான் ஓவசியர், பிழை என்னுடையது, ஆனால் பீலியையும் பாருங்கள் என்று.

"சொல்லிப்போட்டு?" என்றாள். "உள்ள வேலையும் போகட்டும் எண்டோ?"

"போனால் போகட்டும். அந்தப் பீலியை விட்டுட்டு மரத்தை மட்டும் திருத்தினால் திரும்பவும் உக்கும். தெரிஞ்சுகொண்டு வாயை மூடிக்கொண்டு நிக்கச் சொல்லுறியோ?"

அவள் சோற்றைப் போட்டாள்.

மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பேர்கன்காரரின் பேச்சு எனக்கு அரைவாசிதான் விளங்கும், காப்புறுதி மொழி அதுவும் இல்லை. ட்டி-பானவில், அதாவது நிலத்தடி ரயிலில், வரும்போது அவள் உற்சாகமாக இருந்தாள். பீலிக்கு, அடிச்சட்டத்துக்கு, அழுகலுக்கெல்லாம் நோர்வேஜிய மொழியில் என்ன சொல்வது என்று பள்ளிக்கூட நூலகத்தில் பார்த்து எழுதி வைத்திருந்தாள். "அப்பா ஓவசியராக இருந்தவர் எண்டதை நான் எப்படிச் சொல்ல? எஞ்சினியர் எண்டு சொல்லட்டோ?" என்று கேட்டாள். சின்ன வயதிலிருந்து நான் கட்டிய பள்ளிக்கூடங்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவள். எஞ்சினியர் வேண்டாம் பிள்ளை, உள்ளதைச் சொல்லு, என்றேன்.

மேல்மாடி அறையில் கோப்பியும் வாஃபிளும் வைத்திருந்தார்கள். தலைவி, நிபுணர், நாங்கள் இருவர். நிபுணர் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டு போனார். எந்த மாதம், எத்தனை பை, என்ன கலவை. மகள் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். பிறகு அவர் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். எனக்கு அது முழுவதும் விளங்கியது. ஆனாலும் மகளைப் பார்த்தேன்.

"அப்பா, நீங்கள் கட்டட வேலை சம்பந்தமா ஏதும் படிச்சனீங்களோ எண்டு கேக்கிறார்," என்றாள். சொல்லும்போதே அவள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. தன் முறை வந்துவிட்டது என்று குறிப்புத் தாளை விரித்தாள்.

தலைவி எனக்காக முன்கூட்டியே, மெல்ல, இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பாடம் மறந்தபோது ஆசிரியை உதட்டால் எடுத்துக்கொடுப்பது போல. அவள் தட்டில் ஒரு வாஃபிள் எனக்கென்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஓம் என்றால் நான் தொழில் தெரிந்து ஒரு பழைய வீட்டை அழித்தவன். இல்லை என்றால் பாவப்பட்ட துப்புரவாளன், நிரந்தர வேலைக்காரன். ரொம்சோஸ் வீடு, மகளின் படிப்பு, மனைவி போட்ட சோறு எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இவையெல்லாம் சாட்டு என்றும் எனக்குத் தெரியும். உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது. ஓவசியர் ஒருவன் இந்தப் பிழையைச் செய்தான் என்று அந்த மனிதர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. துப்புரவாளன் செய்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

"இல்லை எண்டு சொல்லு," என்றேன்.

"அப்பா?"

"இல்லை எண்டு சொல்லு பிள்ளை."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவர்களைப் பார்த்து, "நை" என்றாள். தலைவி பெருமூச்சு விட்டு வாஃபிளை என் பக்கம் தள்ளினாள். நிபுணர் படிவத்தின் கட்டம் ஒன்றில் புள்ளடி போட்டார். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். மகள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தொழில் தெரியாதவன் பீலியைப் பற்றி என்னத்தைச் சொல்வது? நான் வாஃபிளைச் சாப்பிட்டேன். அவள் தாளை நாலாக மடித்தாள்.

நிலையத்துக்குப் போகும் வழி முழுக்க அவள் எனக்கு ஒரு அடி முன்னால் நடந்தாள். படியில் இறங்கும்போது நின்றாள்.

"எது அப்பா பொய்? வீட்டிலை நீங்கள் சொல்லுற கதையளோ, இப்ப சொன்னதோ?"

"இப்ப சொன்னது," என்றேன்.

"அப்ப ஏன் என்னைக்கொண்டு சொல்லுவிச்சனீங்கள்? நை எண்டு சொல்ல உங்களுக்குத் தெரியாதோ?"

வண்டி வந்தது. நான் ஏறிய பிறகுதான் பார்த்தேன், அவள் அடுத்த பெட்டியில் ஏறியிருந்தாள்.